நெஞ்சுக்கு வந்த படம் இடுப்புக்கு வரவில்லை

திருவள்ளூர் மாவட்டத்துக் கடற்கரையில், காட்டூர்ப் பக்கத்துக் குப்பத்தில் ஒருவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நிற்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அவருடைய நெஞ்சைப் படம் எடுக்கும் கருவி இன்று அவர் தெருமுனைக்கே வர வழி இருக்கிறது. கையில் தூக்கிப் பிடிக்கிற அளவில், பேட்டரியில் ஓடுகிற எக்ஸ்ரே அது. கோயில் முன்னால் பந்தல் போட்டு, ஒரு மறைப்புத் துணி கட்டி, வரிசையாக நிற்கவைத்து எடுத்துவிடுகிறார்கள். படத்தில் சந்தேகம் இருக்கிறதா என்று கணினி அங்கேயே சொல்கிறது. சளி அன்றைக்கே பரிசோதனைக்குப் போகிறது.

அதே மனிதருக்கு நடுராத்திரியில் விலாவில் பிடித்துத் தொடைவரை இழுக்கும் கல்வலி வரட்டும். வீட்டார் ஆட்டோ தேடவேண்டும். பொன்னேரிக்கோ மீஞ்சூருக்கோ போனால் வலிக்கு ஊசி கிடைக்கும். விடிந்த பிறகு ஸ்கேன். கல் எங்கே, எவ்வளவு பெரிது என்று சரியாகத் தெரிய சி.டி. வேண்டுமென்றால் சென்னை ஸ்டான்லி, இல்லாவிட்டால் திருவள்ளூர் மருத்துவக் கல்லூரி. ஊசியிலேயே வலி அடங்கிவிட்டால் பெரும்பாலானோர் ஸ்கேனுக்கே போவதில்லை. ஒரு நாள் தொழில் போனால் ஒரு நாள் சோறு போகிற வீடுகள் அவை.

ஒரே ஊர், ஒரே உடம்பு. நுரையீரலுக்கு ஒரு தூரம், சிறுநீரகத்துக்கு ஒரு தூரம். இந்தத் தூரங்கள் தாமாக ஏற்பட்டவை இல்லை. ஒன்றைக் குறைக்க எழுபது ஆண்டுகளாக ஆராய்ச்சி நடந்தது, பணம் வந்தது, திட்டம் போட்டார்கள். அதில் ஒரு பெரிய பங்கு நடந்தது சென்னையிலும் இதே திருவள்ளூர் மண்ணிலும்தான். மற்றொன்றுக்கும் ஆராய்ச்சி உண்டு. திட்டம்தான் இல்லை.

கதையை அன்றிலிருந்து தொடங்கவேண்டும். அன்று என்று நான் சொல்வது, காட்டூரும் பொன்னேரியும் செங்கல்பட்டு மாவட்டத்தோடு இருந்த காலத்தை. திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997-ல்தான். அதற்கும் வெகு முன்னால், பழவேற்காட்டுக்கும் பட்டணத்துக்கும் பக்கிங்காம் கால்வாயே பெருவழி. மீனும் உப்பும் விறகும் சுண்ணாம்புக்கான கிளிஞ்சலும் படகில் ஏறிப் பேசின் பிரிட்ஜ் வரைக்கும் போயின. அங்கிருந்து சென்னை அரசு பொது மருத்துவமனையும் ஸ்டான்லியும் நடக்கிற தூரம். பழவேற்காட்டு ஏரிக்கரைக்காரருக்கு உடம்புக்குள் பார்க்கவேண்டும் என்றால் போக்கிடம் அந்த இரண்டும்தான்.

ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டது 1895 நவம்பரில். பொது மருத்துவமனை வளாகத்தில் பார்னார்டு கதிரியக்க நிலையம் திறந்தது 1934-ல். அதை உருவாக்கிய கேப்டன் பார்னார்டின் பெயரே நிலைத்துவிட்டது. எக்ஸ்ரே படமும் ரேடியம் சிகிச்சையும் ஒரே கூரையின் கீழ் கிடைத்த அந்த இடம், இந்தியாவின் கதிரியக்க மருத்துவத்துக்கே முன்னோடி. வடக்குக் கடற்கரையிலிருந்து போனவர் அங்கே கண்டது இருட்டறையும், சிவப்பு விளக்கும், காயப்போட்ட பிலிம்களும், கதவுக்கு அப்பாலிருந்து வரும் ஒரு குரலும். “மூச்சை நல்லா இழுங்க. பிடிங்க. அசையாதீங்க… விடுங்க.” கருவி எவ்வளவோ மாறிவிட்டது, அந்தக் குரல் மட்டும் மாறவில்லை. இன்று பந்தலில் கைக்கருவி பிடித்து நிற்கும் பெண்ணும் இதையேதான் சொல்கிறார்.

காசநோய்க்கு அன்று படம் எடுத்தார்கள், மருந்து இல்லை. 1928-ல் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியத்தில் காற்றும் வெயிலும் ஓய்வும் நல்ல சாப்பாடுமே மருத்துவம். நெஞ்சுப் படம் நோயின் அளவைச் சொல்லும், அதற்கு மேல் ஒன்றும் செய்யாது. மீன்பிடிக்கிறவர் ஓராண்டு படுத்துக்கிடந்தால் குடும்பம் என்ன ஆகும் என்ற கேள்விக்கும் சானடோரியத்தில் பதில் இல்லை.

அந்தப் பதில் 1956-ல் சென்னையில் தொடங்கிய ஓர் ஆய்விலிருந்து வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தை நிறுவின. இப்போது அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். சென்னையின் நெரிசலான ஏழைக் குடும்பங்களிலிருந்து 193 நோயாளிகளை எடுத்து, பாதிப்பேரைச் சானடோரியத்திலும் பாதிப்பேரை அவரவர் வீட்டிலும் வைத்து, ஓராண்டுக்கு இரு பக்கத்துக்கும் ஒரே மாதிரி மருந்துகளைக் கொடுத்தார்கள். மாதாமாதம் சளி, குறித்த இடைவெளியில் நெஞ்சுப் படம். வீட்டிலிருந்தவர்கள் நெரிசலில் பலரோடு படுத்தார்கள், அரைகுறையாகச் சாப்பிட்டார்கள். 1959-ல் முடிவு வெளியானபோது இரு பக்கத்தாரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமாகியிருந்தார்கள். வீட்டில் வைத்துப் பார்த்ததால் குடும்பத்தில் மற்றவர்களுக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுவதும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்குச் சென்னையின் இந்த ஆய்வு ஒரு பெரிய காரணம். தமிழ்நாட்டில் நடந்த மருத்துவ ஆராய்ச்சிகளில் இதைவிட ஏழைக்கு உதவிய ஒன்று எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு நடந்தது பலருக்குத் தெரியாத கதை. நெஞ்சு எக்ஸ்ரே முதலில் அரியணை ஏறியது, பிறகு இறக்கப்பட்டது, பிறகு திரும்பி வந்தது.

ஏறியது எப்படி என்றால், பிரேசில் நாட்டு மருத்துவர் மனோயல் தெ அப்ரூ 1936-ல் கண்ட முறையால். பெரிய பிலிமுக்குப் பதிலாக, ஒளிரும் திரையில் விழும் நெஞ்சின் நிழலைச் சின்ன பிலிமில் படம் பிடித்தார். செலவு குறைந்தது, ஒரே நாளில் நூற்றுக்கணக்கானோரைப் பார்க்க முடிந்தது. எக்ஸ்ரே வண்டி ஊருக்குள் போகத் தொடங்கியதே இதனால்தான். 1955 முதல் 1958 வரை நடந்த இந்தியாவின் முதல் காசநோய்க் கணக்கெடுப்பு இந்தச் சின்ன பிலிம்களை நம்பித்தான் நடந்தது.

இறங்கியது வேறொரு ஆராய்ச்சியால். 1940-களின் இறுதியில் அமெரிக்காவில், ஒரே படங்களைப் பல நிபுணர்களிடம் காட்டிப் பார்த்தார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு தடவை ஒருவர் சொன்னதை இன்னொருவர் ஒப்பவில்லை. ஐந்தில் ஒரு தடவை, தாமே முன்பு சொன்னதை அதே நிபுணர் மாற்றிச் சொன்னார். படம் பொய் சொல்லவில்லை, பார்க்கிற கண் தடுமாறியது. இங்கே கர்நாடகத்தின் துமக்கூரில் 1960-களின் தொடக்கத்தில் நடந்த ஆய்வு, காசநோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தாமாகவே மருத்துவமனைக்கு வந்து இருமலைச் சொல்லியிருக்கிறார்கள் என்று காட்டியது. இருமல் மருந்து கொடுத்து அவர்களை அனுப்பிவிட்டார்கள். எனவே வண்டியை ஊர் ஊராக ஓட்டுவதைவிட, வருகிறவரின் சளியை நுண்ணோக்கியில் பார்ப்பதே அறிவுடைமை என்று முடிவானது. 1962-ல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டத்திலும், அதைவிட அழுத்தமாக 1997-க்குப் பிறகு வந்த, கண்ணெதிரே மருந்தை விழுங்கவைக்கும் டாட்ஸ் முறையிலும், சளிதான் முதலிடம் பெற்றது. எக்ஸ்ரே துணைக்கு நின்றது. அன்றைய பணத்துக்கும் ஆளுக்கும் அது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் திருவள்ளூர் மண்ணில் எக்ஸ்ரே வண்டி ஓடுவது நிற்கவில்லை. 1968-ல் அப்போதைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரைச் சுற்றிய கிராமங்களில் பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனை தொடங்கியது. மூன்றரை லட்சம் பேருக்கு மேல் பதிவு செய்தார்கள், பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நெஞ்சுப் படம் எடுத்தார்கள், பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்ற கசப்பான முடிவு வந்தது. அதை மறைக்காமல் உலகத்துக்குச் சொன்னார்கள். 1999-லிருந்து அதே மாவட்டத்தின் ஒரு பகுதியில் டாட்ஸ் முறையை நடத்திக்கொண்டே, இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பெரியவர்களை நெஞ்சுப் படத்தாலும் அறிகுறியாலும் சலித்துப் பார்த்தார்கள். முதல் ஐந்தாறு ஆண்டுகளில் நோய் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது கண்கூடாகத் தெரிந்தது. உலகின் காசநோய் நூல்களில் திருவள்ளூர் என்ற பெயர் இருக்கிறது என்றால், வயலிலிருந்தும் வீட்டிலிருந்தும் வந்து சட்டையைக் கழற்றி, வண்டியில் ஏறி, மூச்சைப் பிடித்து நின்ற அந்த மக்களால்தான்.

திரும்பி வந்தது அண்மையில். 2019 முதல் 2021 வரை நாடு முழுவதும் நடந்த தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பைச் சேத்துப்பட்டு நிறுவனமே ஒருங்கிணைத்தது. அதில் ஒரு எண்ணை ஒவ்வொரு சுகாதாரச் செவிலியரும் மனத்தில் வைத்திருக்கவேண்டும். கண்டுபிடித்த நோயாளிகளில் 42.6 விழுக்காட்டினர், எக்ஸ்ரே எடுக்காமல் அறிகுறியை மட்டும் கேட்டிருந்தால் தப்பிப் போயிருப்பார்கள். இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, ஆனால் நுரையீரலில் கிருமி இருக்கிறது. அறிகுறி உள்ளவர்களிலும் 64 விழுக்காட்டினர் எந்த மருத்துவரிடமும் போகவில்லை. துமக்கூர் ஆய்வு நம்பிய “தாமாக வருவார்கள்” என்ற நம்பிக்கைக்கு இவ்வளவு பெரிய ஓட்டை இருந்தது.

இதற்குள் கருவியும் மாறிவிட்டது. பிலிம் போய் டிஜிட்டல் தகடு வந்தது. இருட்டறையும் கழுவும் மருந்தும் வேண்டாம். 2021-ல் உலக சுகாதார நிறுவனம், பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் நெஞ்சுப் படத்தைக் காசநோய்க்காகச் சலிக்கும்போது மருத்துவருக்குப் பதிலாகக் கணினியே படிக்கலாம் என்று ஒப்புதல் தந்தது. மும்பையில் உருவான மென்பொருளும் இதற்குப் பயனாகிறது. 2024 டிசம்பரில் தொடங்கிய நூறு நாள் காசநோய் ஒழிப்பு இயக்கத்தில் கையடக்க எக்ஸ்ரேக்கள் நாடெங்கும் இறங்கின. அன்று தடுமாறிய கண்ணுக்கு இன்று ஒரு துணை கிடைத்திருக்கிறது.

துணை என்றே சொல்கிறேன், மாற்று என்று சொல்லமாட்டேன். பத்தாண்டுக்கு முன் காசநோய் வந்து ஆறியவரின் தழும்பையும் புதுப் புண்ணையும் பிரித்துச் சொல்வதில் கணினி இன்னும் தயங்குகிறது. அதனால்தான் படத்துக்குப் பிறகு சளியில் கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனையும் கட்டாயமாகிறது. காசநோயைத் தேடக் கற்றுக்கொடுத்த மென்பொருள், விறகுப் புகையில் கெட்ட நுரையீரலையோ, மூலையில் ஒளிந்த புற்றுக்கட்டியையோ தேடும் என்று எண்ணிவிடக்கூடாது. படத்தை ஒரு கதிரியக்க மருத்துவர் பார்த்தாகவேண்டும், அவர் எங்கோ நகரத்தில் உட்கார்ந்து இணையம் வழியாகப் பார்த்தாலும் சரி. எண்ணூரிலிருந்து அத்திப்பட்டு, வல்லூர் வரை அனல்மின் நிலையங்கள் எழுந்த பிறகு இந்தப் பகுதியின் காற்று மாறியிருக்கிறது. கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் படிந்த சாம்பலை மீனவர்கள் காலில் மிதித்துத்தான் வலை வீசினார்கள். எக்ஸ்ரே நுரையீரல் கெட்டதைக் காட்டும், யார் புகையால் கெட்டது என்று காட்டாது. அதற்கு, ஊர் முழுவதையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்க்கிற ஆய்வு வேண்டும். 1968-ல் திருவள்ளூரில் முடிந்தது இன்று காட்டூர்க் கரையில் முடியாதா?

நெஞ்சின் கதை இவ்வளவு நீளம். இனி இடுப்பு.

சிறுநீர்ப் பாதைக்கு அன்று எடுத்த படம் நெஞ்சுப் படம்போல ஒரு மூச்சில் முடிகிறதாக இல்லை. சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், சுண்ணாம்புச் சத்துள்ள கல் தெரியும், சிறுநீரகமும் குழாயும் தெரியாது. 1929-ல் பெர்லினில் மோசஸ் ஸ்விக் என்ற இளம் மருத்துவர், அயோடின் கலந்த மருந்தை நரம்பில் ஏற்றினால் அது சிறுநீரகத்தின் வழியாக வெளியேறும்போது பாதை முழுவதும் வெள்ளையாகத் தெரியும் என்று காட்டினார். நம் ஊரில் அதற்கு ஐ.வி.பி. என்று பெயர். 1990-கள் வரை கல்லடைப்பு என்று போன ஒவ்வொருவரும் அதைத் தாண்டித்தான் வந்தார்கள்.

முந்தின நாள் ராத்திரி விளக்கெண்ணெய். குடலில் காற்றோ மலமோ இருந்தால் படம் கெட்டுவிடும். காலையில் வெறும் வயிறு. மேசையில் படுக்கவைத்து முதலில் ஒரு சாதாரண படம். பிறகு மருந்து ஏறும். உடம்பெல்லாம் சூடு பரவும், சிலருக்குக் குமட்டும், அரிதாக ஒருவருக்கு மூச்சே அடைக்கும். ஐந்து நிமிடத்தில் ஒரு படம், பத்தில் ஒன்று, பதினைந்தில் ஒன்று. குழாயில் மருந்து நிற்பதற்காக அடிவயிற்றை இறுக்கிப் பட்டை கட்டுவார்கள். கடைசியில் சிறுநீர் கழிக்கச் சொல்லி இன்னொரு படம். ஒரு பக்கம் அடைத்திருந்தால் மருந்து அங்கே வந்து சேர மணிக்கணக்கில் காத்திருக்கவேண்டும். காட்டூரிலிருந்து போனவருக்கு இதற்கு இரண்டு நாளாவது பட்டணத்தில் தங்கல், கூட ஓர் ஆள். பிலிம்கள் பெரிய பழுப்பு உறையில் வீட்டுக்கு வரும். கடலோர ஈரத்தில் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 2004 சுனாமியில் வீட்டோடு போன பொருள்களில் இவையும் இருந்திருக்கும்.

அந்தத் தொல்லைபிடித்த படம் ஒரு பெரிய உண்மையைச் சொன்னது. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்பதோடு, எப்படி வேலை செய்கிறது என்பதையும் அது காட்டியது. எந்தப் பக்கம் மருந்து தாமதமாக வருகிறது, எங்கே தேங்குகிறது என்று பார்த்தே மருத்துவர்கள் முடிவெடுத்தார்கள்.

1980-களில் அல்ட்ராசவுண்டு பரவியது. மக்கள் வாயில் ஸ்கேன் என்றால் அதுதான். கதிர் இல்லை, ஊசி இல்லை, கர்ப்பிணிக்கும் செய்யலாம். சிறுநீரகம் வீங்கியிருப்பதையும் உள்ளே இருக்கும் கல்லையும் நன்றாகக் காட்டும். குழாயின் நடுப்பகுதியில் மாட்டிய சின்னக் கல்லைக் குடலின் காற்று மறைத்துவிடும். அந்தக் குறையைத் தீர்த்தது சி.டி. லண்டனில் 1971-ல் தலையைப் படம் எடுக்கத் தொடங்கிய கருவி அது. அதற்காக ஹவுன்ஸ்ஃபீல்டும் கோர்மாக்கும் 1979-ல் நோபல் பரிசு பெற்றார்கள். 1990-களின் நடுவில், மருந்தே ஏற்றாமல் அடிவயிற்றைச் சி.டி. எடுத்தால் எந்த இரசாயனத்தால் ஆன கல்லும் அனேகமாகத் தெரிந்துவிடும் என்று ஆராய்ச்சிகள் நிறுவின. எக்ஸ்ரேயில் கண்ணுக்கே படாத யூரிக் அமிலக் கல்லும் இதில் பளிச்சென்று தெரியும். எத்தனை மில்லிமீட்டர், எந்த இடம், எவ்வளவு கெட்டி, எல்லாம் சில நிமிடத்தில். ஐந்து மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் பெரும்பாலும் தானே விழும், பெரிதென்றால் வேறு வழி பார்க்கவேண்டும் என்று உடனே சொல்லமுடிகிறது. ஐ.வி.பி. மெல்ல மறைந்தது.

இதில் எனக்கு ஒரு கவலை உண்டு. நெஞ்சின் நோயும் இடுப்பின் நோயும் எப்போதும் தனித்தனி இல்லை. நுரையீரலில் குடியேறிய காசநோய்க் கிருமி இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் போய் உறங்கும். பல ஆண்டு கழித்து விழிக்கும். அப்போது இருமல் இருக்காது. நீர்க்கடுப்பு, அடிக்கடி சிறுநீர், சில நேரம் இரத்தம். சிறுநீர்ச் சோதனையில் சீழ் அணுக்கள் இருக்கும், சாதாரணக் கிருமி வளராது. மருந்துக்கடை மாத்திரையில் சில நாள் தணியும், மறுபடி வரும். மாதங்கள் போகும். சிறுநீரகத்தின் கிண்ணங்கள் அரிக்கப்பட்டு, குழாய் சுருங்கி, சிறுநீர்ப்பை சிறுத்து, கடைசியில் அந்தச் சிறுநீரகம் சுண்ணாம்புக் கட்டியாக உறைந்து செத்துப்போகும். அந்த முதல் அரிப்பை ஐ.வி.பி. படம்தான் அழகாகக் காட்டியது. மருந்து ஏற்றாமல் கல்லுக்காக எடுக்கும் சி.டி.யில் அது தெரியாமல் போகலாம். அதனால், தீராத நீர்க்கடுப்புக்குக் கல் இல்லை என்று அறிக்கை வந்துவிட்டால் அதோடு நிறுத்தக்கூடாது. சிறுநீரைக் காசநோய்க்குச் சோதிக்கவேண்டும், மருந்து ஏற்றிய சி.டி. தேவையா என்று மருத்துவரைக் கேட்கவேண்டும். முன்பு காசநோய் வந்தவர் என்றால் அதை வாய்விட்டுச் சொல்லவேண்டும். நெஞ்சைத் தேடி ஊருக்கு வருகிற வண்டியும், நீர்க்கடுப்பு உண்டா என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டால் என்ன குறைந்துவிடும்?

கடல்மேல் வெயிலில் நிற்கிறவருக்கும், ஏரியில் இடுப்பளவு நீரில் குனிந்து கையால் இறால் தடவுகிற பெண்களுக்கும் கல் வருவதற்குப் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. வேர்வையில் நீர் போகிறது, குடிப்பது குறைவு, சிறுநீர் கெட்டிப்படுகிறது, உப்புகள் படிகின்றன. பெண்கள் ஒதுங்க இடமில்லாமல் தண்ணீரையே குடிக்காமல் அடக்கிக்கொள்வார்கள். உப்புத் தண்ணீர் குடிப்பதால்தான் கல் என்று ஊரில் சொல்வார்கள். தண்ணீரின் தன்மையைவிட அளவுதான் முக்கியம் என்று மருத்துவம் சொல்கிறது. ஆனால் வாயில் வைக்கமுடியாத தண்ணீரை யாரும் நிறையக் குடிக்கமாட்டார்கள். மீஞ்சூர்ப் பக்கத்து நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததில் கடல் உள்ளே வந்தது. காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்க 2010-ல் திறந்த ஆலை, நாளுக்கு 10 கோடி லிட்டர் கொடுக்கும் அளவில் கட்டப்பட்டது, சென்னை நகரத்துக்காக. அந்தக் கடலை ஒட்டி வாழ்கிறவர்கள் குடத்துக்குக் காசு கொடுத்துக் கேன் தண்ணீர் வாங்குவது நியாயமில்லை. கல்லைத் தடுக்கும் முதல் மருந்து அந்தக் குடத்தில் இருக்கிறது.

சரி, எக்ஸ்ரே வந்த தெருவுக்கு அல்ட்ராசவுண்டு ஏன் வரவில்லை? கருவி இல்லாமல் இல்லை. கைப்பேசியளவுக்குச் சுருங்கிய ஸ்கேன் கருவிகள் இருக்கின்றன. தடுத்து நிற்பது ஒரு நல்ல சட்டம். கருவில் இருப்பது பெண் என்று பார்த்து அழிப்பதைத் தடுக்க 1994-ல் வந்த சட்டத்தின்படி, ஒவ்வொரு ஸ்கேன் கருவியும் பதிவு பெற்ற இடத்தில்தான் இருக்கவேண்டும். தூக்கிச் செல்லும் கருவிக்குப் பின்னாளில் விதிகள் இன்னும் இறுகின. அந்தச் சட்டத்தைத் தளர்த்தச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அது பல பெண்குழந்தைகளைக் காத்திருக்கிறது. ஆனால் அந்த விதிகளுக்குள்ளேயே ஒரு வாசல் திறந்திருக்கிறது. முறையாகப் பதிவு செய்த நடமாடும் மருத்துவ வண்டியில் தகுதிபெற்ற மருத்துவரோடு ஸ்கேன் கருவி போகலாம். அந்த வாசலைக் கல்லடைப்புக்காகத் தட்ட ஒரு திட்டம் வேண்டும். காசநோய்க்கு ஒரு தேசியத் திட்டம் இருந்ததால் எக்ஸ்ரேக்கு எல்லா அனுமதியும் எல்லாப் பணமும் தேடி வந்தன. கல் தொற்றாது, செய்தியாகாது. பாதிப்பேருக்கு வலி தானே நின்றுவிடுகிறது. ஆகவே அது யாருடைய கணக்கிலும் வரவில்லை.

வலி நிற்பதுதான் இதில் ஆபத்து. கல் விழுந்தும் வலி நிற்கும். கல் நகராமல் அடைத்து நின்று, சிறுநீரகம் வீங்கிப் பழகிவிட்டாலும் வலி நிற்கும். இரண்டாவது வகையில் சில மாதங்களில் ஒரு சிறுநீரகம் சத்தமில்லாமல் வீணாகிவிடும். வாழைத்தண்டுச் சாறும் சிறுபீளைக் கஷாயமும் குடித்துக் குணமாகிவிட்டது என்று நம்புகிறவர்களைக் குறைசொல்ல நான் வரவில்லை. நீர் உள்ளே போகிறதே, நல்லதுதான். குணமானதா என்பதை ஒரு ஸ்கேன்தான் சொல்லமுடியும். காய்ச்சலும் குளிரும் சேர்ந்து கல்வலி வந்தால் அது மறுநாளுக்குத் தள்ளிப்போடுகிற காரியமே இல்லை. அடைத்த சிறுநீரகத்தில் சீழ் பிடித்தால் உயிருக்கே ஆபத்து, அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

சென்னையின் மருத்துவக் கல்லூரிகளில் கதிரியக்கம் படிக்கும் ஒவ்வொரு பட்டமேற்படிப்பு மாணவரும் ஓர் ஆய்வேடு எழுதவேண்டும். கல்லின் அளவைச் சி.டி.யில் கணிப்பது, நெஞ்சின் நுண்ணிய சி.டி.யில் புகை நோயைப் பிரிப்பது என்று ஆண்டுதோறும் தலைப்புகள் வருகின்றன. அந்த ஆய்வேடுகளில் வரும் படங்கள் அரசு மருத்துவமனை வரிசையில் நின்ற ஏழைகளின் உடம்பு. காட்டூரிலிருந்தும் பழவேற்காட்டிலிருந்தும் போனவர்களும் அந்த வரிசையில் நின்றவர்கள்தான். நுரையீரல் விஷயத்தில் அந்தக் கடனை ஆராய்ச்சி திருப்பிக் கொடுத்துவிட்டது என்று சொல்லலாம், கருவி அவர்கள் தெருவுக்கு வந்துவிட்டது. சிறுநீரக விஷயத்தில் இன்னும் கொடுக்கவில்லை. மாதம் ஒரு நாள், வலை காய்கிற நாளாகப் பார்த்து, பதிவு பெற்ற ஒரு வண்டி ஸ்கேனோடு காட்டூருக்கு வரவேண்டும். மாவட்டச் சுகாதார அலுவலர்களும் மருத்துவக் கல்லூரிகளின் கதிரியக்கத் துறைகளும் சேர்ந்து உட்கார்ந்தால் இது ஆகாத காரியமில்லை.

அதுவரை வீட்டிலிருப்பவர்கள் செய்யக்கூடியவை சில உண்டு. பழைய எக்ஸ்ரேயோ ஸ்கேன் அறிக்கையோ எறியாதீர்கள். தழும்பா, புதுப் புண்ணா என்று சொல்ல மருத்துவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. கைப்பேசியில் படம் எடுத்தாவது வையுங்கள். சி.டி. எழுதித் தந்தால், கல்லுக்குத்தானே, குறைந்த கதிரில் எடுக்கமுடியுமா என்று கேளுங்கள். வழக்கமான அளவில் எடுத்தால் அது ஏறத்தாழ நூறு நெஞ்சு எக்ஸ்ரேக்குச் சமம், குறைந்த அளவில் எடுத்தால் அதில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது. இளவயதினருக்கும் மறுபடி மறுபடி கல் வருகிறவர்களுக்கும் இந்தக் கேள்வி அவசியம். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும் எக்ஸ்ரே அறைக்குள் போகும் முன்பே சொல்லிவிடுங்கள். கல்வலி வந்து போனவர் ஒரு மாதத்துக்குள் ஒரு ஸ்கேன் எடுத்துவிடவேண்டும், வலி இல்லாவிட்டாலும். எக்ஸ்ரே வண்டி ஊருக்கு வந்தால், எனக்குத்தான் இருமல் இல்லையே என்று ஒதுங்காமல் போய் நில்லுங்கள். காசநோய்க்குச் சோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக 2024 நவம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வருகிறது. காசநோய் பற்றிக் கேட்க 1800-11-6666, வேறு எந்த உடல்நலக் கேள்விக்கும் தமிழ்நாட்டில் 104. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.